குளிருக்காக எயார் பிரிக்கை அடைக்கலாமா?

கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர்களுடையது 1900களின் தொடக்கத்தில் கட்டிய டெரஸ் வீடு, வரிசையில் நடு வீடு. எட்டு வருடத்துக்கு முன் சொந்தமாக வாங்கினார்கள். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி. மாமிக்கு முழங்கால் வருத்தம். மாடி ஏற முடியாது, அதனால் கீழே பின்னறையில் படுக்கிறார். "ஹீட்டிங் நாள் முழுக்க ஓடினாலும் முழங்காலுக்குக் கீழே பனிதான். பலத்த காற்றடிக்கும் நாளில் காபெட் மெல்ல எழும்பித் தணிவதைக் கண்ணால் பார்க்கலாம்" என்று எழுதுகிறார். வீட்டு முற்றத்தைக் கார் நிறுத்துவதற்காகக் கல் பதித்து உயர்த்தியிருக்கிறார்கள். முன்பு இருந்தவர்கள் குசினியைப் பின்பக்கம் முழு அகலத்துக்கும் நீட்டி, அதற்குக் கொங்கிரீட் நிலம் போட்டிருக்கிறார்கள். முன்னறையில் பழைய காஸ் ஃபயர் ஒன்று இன்னும் பாவனையில் உண்டு.

கடந்த நவம்பரில் கணவர் முன் சுவரில் இருந்த இரண்டு எயார் பிரிக்குகளையும் (நிலத்துக்கு அடியில் காற்றுப் போகச் சுவரில் வைக்கும் துளையுள்ள கற்கள்) சீமெந்து வைத்து அடைத்தார். காற்று கொஞ்சம் குறைந்தது. ஆனால் பெப்ரவரியிலிருந்து முன் யன்னலோரம் ஒரு மக்கல் மணம். இதற்கிடையில் வீட்டுக் கதவைத் தட்டிய ஒரு விற்பனையாளர், பலகைக்கு அடியில் ஸ்பிரே ஃபோம் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும், இன்று கையெழுத்து வைத்தால் நாளை மறுநாள் வேலை என்றிருக்கிறார். நண்பர் ஒருவர், பலகைக்கு மேலேயே ரெஜிபோம் போட்டு லாமினேட் விரிக்கச் சொல்கிறார். கணவரோ, "சூடு மேலேதானே போகும், நிலத்துக்கு எதற்குக் காசு?" என்கிறார். யார் சொல்வது சரி, நிலத்தை உடைக்க வேண்டி வருமா, பக்கத்து வீட்டாரைக் கேட்க வேண்டுமா, மரம் உக்கிப் போகாதா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டது இன்சுலேஷன், அதாவது வீட்டுச் சூடு வெளியேறாமல் தடுக்கும் படை பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தச் சீமெந்து அடைப்பும் அதற்குப் பிறகு வந்த மணமும்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்தச் சீமெந்தை எடுங்கள்

நாங்கள் ஊரில் பார்த்து வளர்ந்தது சீமெந்து நிலம். மண்ணை இறுக்கி, கல் போட்டு, மேலே பூசியது. அதற்கு அடியில் காற்றும் இல்லை, வெளியும் இல்லை. உங்கள் முன்னறையும் பின்னறையும் அப்படிக் கட்டியவை அல்ல. வெளிச்சுவரிலும் நடுவே எழுப்பிய குட்டைச் சுவர்களிலும் மரச் சட்டங்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. பில்டர்கள் ஜாயிஸ்ட் என்பார்கள். அவற்றின் மேல் பலகை அடித்திருக்கிறது. பலகைக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம்.

ஊரில் நெல் மூட்டையை வெறும் நிலத்தில் வைக்க மாட்டார்கள் அல்லவா? கட்டை போட்டு அதன் மேல் அடுக்குவார்கள், அடியால் காற்றுப் போகட்டும், ஈரமும் கறையானும் ஏறாதிருக்கட்டும் என்று. உங்கள் வீட்டைக் கட்டியவர்கள் செய்ததும் அதேதான். மண்ணிலிருந்து எந்நேரமும் ஈரம் ஆவியாக எழும். ஒரு பக்கத்து எயார் பிரிக்கால் நுழையும் காற்று அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு மறுபக்கத்தால் போகும். அந்தக் குட்டைச் சுவர்களைக்கூடக் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். நூறு வருடத்துக்கு மேலாக அந்த மரம் உறுதியாக நிற்பது இந்தக் காற்றால்.

மரத்தில் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் அதை உக்க வைக்கும் பூஞ்சணம் வேலையைத் தொடங்கிவிடும். முதலில் கெடுவது சட்டங்களின் முனை. அது குளிர்ந்த வெளிச்சுவருக்குள் செருகியிருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. சில வருடங்களுக்கு முன் இல்ஃபோர்ட் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கேயும் குளிருக்காகத்தான் அடைத்திருந்தார்கள். யன்னலடிப் பலகை ஒன்றைக் கழற்றிச் சட்டத்தின் முனையில் திருப்புளியை அழுத்தினேன். வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கியது. அந்த அறையில் பாதிச் சட்டங்களை மாற்ற வேண்டி வந்தது. உங்கள் வீட்டில் அடைத்து ஒரு குளிர்காலம்தான் ஆகிறது. மணத்தை நீங்கள் நேரத்தோடு கவனித்தது நல்லது. உங்கள் கணவர் மாமிக்குக் குளிரக் கூடாதென்று செய்த வேலை அது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வார இறுதியிலேயே அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எடுக்கும்போது பழைய மண் எயார் பிரிக் உடைந்தால் கவலைப்படாதீர்கள். அதே அளவில் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது, அது பழையதைவிடப் பல மடங்கு காற்றை விடும். எலி நுழையாத கம்பி வலையும் வைக்கலாம், கண் மிக நெருக்கமாக இருக்கக் கூடாது. எவ்வளவு திறப்புத் தேவை என்பதற்கு இங்கிலாந்தின் கட்டட விதி ஒரு கணக்குச் சொல்கிறது: வெளிச்சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் 1,500 சதுர மி.மீ., அல்லது தளத்தின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 500 சதுர மி.மீ.; இரண்டில் எது கூடவோ அது. புதிய கட்டடத்துக்கான விதிதான், ஆனாலும் பழைய வீட்டுக்கும் அதையே அளவுகோலாக வைத்துப் பாருங்கள். இரண்டு பழைய எயார் பிரிக் உங்கள் வீட்டுக்குப் போதாது என்றுதான் நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, கார் நிறுத்த உயர்த்திய முற்றம். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படை, வெளி நிலத்திலிருந்து குறைந்தது 150 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கிழக்கு லண்டனில் எங்கள் ஆட்களின் வீடுகளில் நான் அடிக்கடி காண்பது, பதித்த கல் எயார் பிரிக்கின் பாதி வரை வந்து நிற்பது. மழை பெய்தால் தண்ணீர் நேரே உள்ளே போகும். சுவரோரம் ஒரு வரிசைக் கல்லைக் கழற்றிச் சரளை நிரப்பிய ஓடையாக்கலாம். அதற்கு இடமில்லையென்றால், வெளியே உயரத்திலும் உள்ளே தாழ்வாகவும் திறக்கும் வளைந்த குழாய் வென்ட் உண்டு.

மற்றது குசினி. பின்பக்கம் கொங்கிரீட் போட்டவர்கள், அதற்கு அடியால் குழாய் பதித்துப் பழைய வெற்றிடத்தை வெளிச்சுவரோடு இணைத்திருக்க வேண்டும். குசினியின் பின் சுவரில் நிலத்தோடு ஒட்டிச் சின்னக் கிராதி ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நிம்மதி. தெரியாவிட்டால் முன்னால் நுழையும் காற்றுக்கு வெளியேற வழியே இல்லை. குழாய் புதைப்பது செலவான வேலைதான். ஆனால் அது தெளிவாகாமல் இன்சுலேஷனுக்கு ஒரு பவுண்ட்கூடச் செலவழிக்காதீர்கள். ஏன் என்றால், இன்சுலேஷன் போட்ட பிறகு உங்கள் அறைச் சூடு கீழே போகாது; வெற்றிடம் இப்போதைவிடக் குளிரும், குளிர்ந்த இடத்தில் ஈரம் எளிதில் படியும். அப்போது காற்றோட்டம் முன்னைவிட முக்கியமாகிறது.

சூடு மேலேதானே போகும்?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. மேலே போவது சூடான காற்று. சூடு என்பது எந்தப் பக்கம் குளிரோ அந்தப் பக்கம் போகும், பலகை வழியாகக் கீழேயும் போகும். அதைவிட முக்கியமான ஒன்று: மேலே போன அந்தச் சூடான காற்று மாடி இடுக்குகளாலும் கூரையடிக் கதவாலும் வெளியே கசிகிறது. போன அளவுக்கு வீடு எங்கிருந்தாவது புதுக் காற்றை இழுத்தாக வேண்டும். உங்கள் வீடு இழுப்பது பலகை இடுக்குகளாலும் சுவரோரச் சட்டத்துக்கு (ஸ்கர்ட்டிங்) அடியாலும். காபெட் எழும்பித் தணிவது அதனால்தான். மேலே கசிவது எவ்வளவோ, மாமியின் காலடியில் நுழைவதும் அவ்வளவு.

ஆகவே முதலில் கூரையடியைப் பாருங்கள். அங்கே 270 மி.மீ. தடிப்பில் இன்சுலேஷன் கம்பளி இருக்கிறதா, ஏறும் கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் மலிவான வேலை, அதை முடித்துவிட்டு நிலத்துக்கு வாருங்கள்.

காசு விஷயத்திலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நிலத்துக்கு இன்சுலேஷன் போட்டால் பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மிச்சம் சிறிதுதான், போட்ட காசு திரும்ப வருடக் கணக்காகும். கிடைப்பது வேறு: கணுக்காலில் காற்று படாது, நிலம் சில்லென்று இருக்காது, ஹீட்டிங்கை ஒரு புள்ளி குறைத்து வைத்தாலும் மாமி போர்வையை உதறிவிட்டு இருக்கலாம். முழங்கால் வருத்தமுள்ள வயதானவர் இரவும் பகலும் அந்த அறையில் இருக்கும்போது, செய்யத்தக்க வேலை என்றே சொல்வேன்.

மேலேயா, கீழேயா?

நண்பர் சொன்ன ரெஜிபோம் வழி எளிது, பலகையைத் தொட வேண்டியதில்லை. ஆனால் பிரயோசனமான தடிப்பில் போட்டால் நிலம் இரண்டு அங்குலம் உயரும். கதவுகளை அறுக்க வேண்டும், அறை வாசலில் ஒரு தட்டல் வரும். மாடிப்படியின் முதற்படி மற்றப் படிகளைவிடக் குட்டையாகும். முழங்கால் நோகும் ஒருவர் உள்ள வீட்டில் அது விழுத்தும் பொறி. மெல்லிய 5 மி.மீ. விரிப்பென்றால் காற்றைத் தடுக்கும், சூட்டைப் பெரிதாகக் காக்காது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, பலகையைக் கழற்றிச் சட்டங்களுக்கு இடையே கம்பளி வைப்பது. உடைக்க ஒன்றும் இல்லை. பலகைகளுக்குச் சோக்கட்டியால் எண் போட்டு, ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, வேலை முடிந்ததும் அதே வரிசையில் திரும்ப அடிப்பார்கள். நல்ல பில்டர் ஒரு அறையைச் சில நாளில் முடிப்பார். மாமியின் பின்னறையை முதலில் செய்யுங்கள், அந்த நாட்களில் அவர் முன்னறையில் படுக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு அறையையும் திறக்க வேண்டாம்.

பொருளைப் பொறுத்தவரை, பில்டர்கள் பொதுவாகச் செலோடெக்ஸ் என்று சொல்லும் பி.ஐ.ஆர். என்ற விறைத்த ஃபோம் பலகை அதே தடிப்பில் கம்பளியைவிட நன்றாகச் சூட்டைத் தடுக்கும். சூட்டைக் கடத்தும் திறன் (எண் குறைந்தால் நல்லது) அதற்குச் சுமார் 0.022, நல்ல கனிமக் கம்பளிக்குச் சுமார் 0.035. எண்ணை மட்டும் பார்த்தால் பலகைதான் வெல்லும். ஆனால் நூறு வருடத்துச் சட்டங்கள் நேராக இருக்காது, இடைவெளியும் ஒரே அளவில் இராது. விறைத்த பலகையை அதற்குள் வெட்டி வைத்தால் ஓரமெல்லாம் இடுக்கு, இடுக்கெல்லாம் காற்று. கம்பளியோ மரநாரோ அமுங்கி நிரம்பும், மரத்தோடு சேர்ந்து ஈரத்தை வாங்கியும் விடும். அதனால்தான் பழைய வீட்டுக்கு நான் கம்பளியைச் சொல்கிறேன்.

வைக்கும் முறையில் ஒன்றைக் கவனியுங்கள். பலரும் சட்டங்களின் மேலால் வெறும் பிளாஸ்டிக் வலையைத் தொங்கவிட்டு அதில் கம்பளியைப் போடுவார்கள். வலை தாங்கும், காற்றைத் தடுக்காது. கீழே ஓடும் காற்று கம்பளிக்குள் புகுந்து சூட்டை அள்ளிப் போகும். வலைக்குப் பதிலாக, காற்றைத் தடுத்து ஆவியை விடும் மூச்சு விடும் துணியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கம்பளி பலகையின் அடியை முட்டிக்கொண்டு இருக்க வேண்டும், தொய்ந்து நடுவில் வெளி விட்டால் பாதிப் பலன் போய்விடும். மேலே காற்றுத் தடுப்புத் தாள் ஒன்று விரித்து, சுவரோரம் டேப்பால் ஒட்டி, அதன் மேல் பலகை. எயார் பிரிக்கின் வாயைக் கம்பளி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காசு இப்போதைக்கு இல்லையென்றால் ஒரு இடைக்கால வழி உண்டு. பலகை இடுக்குகளையும் சுவரோரச் சட்டத்தின் அடியையும் வளைந்து கொடுக்கும் ஃபில்லரால் அடைத்து, தடித்த அடிவிரிப்போடு காபெட் போடுங்கள். அதுவே பெரிய மாற்றத்தைக் காட்டும்.

பலகையைத் திறக்கும் முன்னும் திறந்த அன்றும்

காபெட்டுக்கு அடியில் பழைய வினைல் ஓடோ கறுப்புப் பசையோ தெரிந்தால் நிறுத்துங்கள். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுவதுமாகத் தடையானது 1999இல்தான். அதற்கு முந்தைய ஓட்டைச் சோதிக்காமல் சுரண்டக் கூடாது.

பலகை திறந்ததும் பில்டர் ஒவ்வொரு சட்ட முனையிலும் ஈர மீட்டரை வைத்துப் பார்க்கட்டும். நீங்கள் போனில் படம் எடுங்கள். 20க்கு மேல் காட்டும் இடத்தில் கம்பளி வைக்க வேண்டாம். எயார் பிரிக்கைத் திறந்துவிட்டுச் சில மாதம் காயவிட்டு மறுபடி பாருங்கள். இதற்கு அவசரப்படும் பில்டரை வைக்காதீர்கள்.

ஹீட்டிங் குழாய்கள் கம்பளிக்குக் கீழே ஓடினால் அவை இனிக் குளிரில் கிடக்கும், தனியே உறை போட வேண்டும். மின் வயரைக் கம்பளிக்குள் புதைத்தால் சூடேறும். வயரை எங்கே விடலாம் என்பதை எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும். ரெஜிபோம் வகைப் பொருள் பி.வி.சி. வயரைத் தொட்டுக்கொண்டிருந்தால் காலப்போக்கில் வயரின் உறை கெடும். அதுவும் ஒரு காரணம் அதைத் தவிர்க்க.

அந்தக் காஸ் ஃபயர். இதைத் தயவுசெய்து சாதாரணமாக எடுக்காதீர்கள். அது எரிய அறைக் காற்றை இழுக்கும் வகையாக இருந்தால், இத்தனை நாள் பலகை இடுக்கே அதற்கு மூச்சுக்குழாய். நிலத்தை இறுக்கி அடைத்ததும் கார்பன் மோனொக்சைடு சேரலாம். நிறமில்லை, மணமில்லை. காஸ் வேலை செய்பவர்களுக்கான காஸ் சேஃப் பதிவுள்ள ஒருவரை வேலைக்கு முன்னும் பின்னும் அழைத்துச் சோதியுங்கள், அலாரம் ஒன்றும் வையுங்கள். அதைக் கழற்றிவிட முடிந்தால் இன்னும் நல்லது.

ஸ்பிரே ஃபோமும் கதவு தட்டியவரும்

ஃபோம் காற்றை நன்றாகத் தடுக்கும், மறுக்கவில்லை. என் தயக்கம் இதுதான்: அடித்த பிறகு மரம் கண்ணுக்குத் தெரியாது, மரத்தோடு ஒட்டியதைச் சுத்தமாக எடுக்கவும் முடியாது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே மக்கல் மணம். ஈரமாக இருக்கக்கூடிய சட்டத்தை அதற்குள் மூடுவது நோயை மறைப்பது. கூரையில் ஃபோம் அடித்த வீடுகளுக்குக் கடன் தரப் பல வங்கிகள் தயங்குவதை எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிறோம். நிலத்தில் அடித்தாலும், விற்கும் நாளில் வாங்குபவரின் சேவையர் "மரத்தைப் பார்க்க முடியவில்லை" என்றுதான் எழுதுவார். வீட்டில் மோர்ட்கேஜ் இருந்தால் வங்கியையும் வீட்டுக் காப்புறுதியையும் எழுத்தில் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

நீங்கள் இதுவரை கையெழுத்து வைக்கவில்லை என்று புரிந்துகொள்கிறேன். ஒருவேளை வைத்திருந்தாலும் பயப்பட வேண்டாம். வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகள் உரிமை தருகின்றன. ஆனால் அந்த 14 நாளுக்குள் வேலையைத் தொடங்கும்படி நீங்களே கேட்டு, வேலையும் முடிந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். "நாளை மறுநாள் வேலை" என்று அவசரப்படுத்துவது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அரசு உதவி உண்டா என்பதை உங்கள் கவுன்சிலிடமே கேளுங்கள். உதவிப் பணத்தில் நடக்கும் வேலைகள் பாஸ் 2035 என்ற தரத்தின்படி, வீட்டின் காற்றோட்டத்தையும் பார்த்துத்தான் நடக்க வேண்டும். வந்தவர் எயார் பிரிக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அனுமதியும் வரியும்

சொந்த வீட்டுக்குள் சட்டங்களுக்கு இடையே கம்பளி வைக்கப் பக்கத்து வீட்டாரின் சம்மதம் தேவையில்லை. திட்ட அனுமதியும் தேவையில்லை. பட்டியலிட்ட பாரம்பரியக் கட்டடமென்றால் மட்டும் அதற்கான தனிச் சம்மதம் வாங்க வேண்டி வரலாம். இதே கேள்வியோடு கீழ்த்தள ஃபிளாட்டில் இருப்பவர்கள் மட்டும் லீஸைப் பாருங்கள். பலகைக்குக் கீழே உள்ளது ஃப்ரீஹோல்டருடையதாக (கட்டடத்தின் உரிமையாளர்) இருக்கலாம், எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோலுக்கு ஒரு போன் போடுங்கள். தளத்தின் பாதிக்கு மேல் புதுப்பித்தால் 0.25 என்ற யு மதிப்பை (தளம் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்ற அளவு, குறைந்தால் நல்லது) எட்டச் சொல்லி விதி கேட்கிறது. உங்கள் சட்டங்கள் 100 மி.மீ. உயரம்தான் என்றால் கம்பளியால் அதைத் தொடுவது கஷ்டம். அதற்கும் விதியிலேயே இடமுண்டு: தொழில்நுட்பத்தால் முடியாவிட்டாலோ, போட்ட காசு 15 வருடத்துக்குள் திரும்பாவிட்டாலோ, முடிந்த அளவு செய்தால் போதும். முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கி வைத்தால் விற்கும் காலத்தில் தலையிடி இராது.

வரி விஷயம் சுருக்கமாக: இன்சுலேஷனைப் பொருளும் கூலியும் சேர்த்து ஒரு பில்டரே செய்து கொடுத்தால் 2027 மார்ச் 31 வரை வாட் பூச்சியம். பொருளை நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்தால் அதற்கு 20 சதவீதம் கட்ட வேண்டி வரும். விலைக் கடிதத்தில் இதைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

சரி, இப்போதைக்கு எயார் பிரிக்கைத் திறந்துவிட்டு, குசினியின் பின் சுவரில் கிராதி இருக்கிறதா என்று பாருங்கள். கோடை வரை காயட்டும். மாமியின் அறைப் பலகையைத் திறந்த அன்று சட்ட முனைகளின் படங்களையும் மீட்டர் காட்டிய எண்களையும் எனக்கு அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டு முன்னறையைப் பற்றி எழுதுகிறேன்.